சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் லீவில் கோயில் மண்டபத்தில் வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எனக்குக் கை கொடுத்தீர்கள். அதில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குப் போக வேண்டியது.

முதலில் எங்கள் தபால்கார அண்ணன். ஆள் குறைந்துபோன ஊர்களைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் "குமரியிலயா ஆள் கொறவு?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்ததில் நியாயமும் இருக்கிறது. 2001-ல் 16.76 லட்சம் பேர் இருந்த மாவட்டம் 2011-ல் 18.70 லட்சமாகிவிட்டது, தக்கலை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அண்ணனின் கணக்கு வேறு. எந்த வீட்டில் பென்ஷன் வாங்க ஒரு பாட்டி மட்டும் இருக்கிறார், எந்த வீட்டுக் கல்யாணக் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பின்னாலேயே போனதால்தான் எனக்கு வழி கிடைத்தது.

அடுத்து, அந்த அடுத்த வீட்டு அக்காமார். மஸ்கட்டிலும் தம்மாமிலும் இருப்பவர்களின் வீட்டுச் சாவிகள் இவர்கள் அடுக்களை ஆணியில்தான் தொங்குகின்றன. சாயங்காலம் லைட் போடுவது, முற்றத்துப் பலா இலையைத் தூப்பது, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு; சம்பளம் கிடையாது. "பூட்டிக் கெடந்தா சிதலு அரிச்சிரும், மக்களே" என்றார் ஒருவர். படம் எடுக்க அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "ஒட்டடையோட எடுக்கப்பிடாது. அவன் அங்க இருந்து பாத்தா மனசு வெப்ராளப்படும்." ஒட்டடையில் விழுகிற வெயில் எந்தப் படக்காரனுக்கும் ஆசை காட்டும், எனக்கும் காட்டியது. ஆனாலும் இருவரும் சேர்ந்து அடித்துத் துடைத்த பிறகுதான் கேமராவை எடுத்தேன். கடைசியில் வீட்டைவிட அவரைத்தான் அதிகம் எடுத்தேன். அதற்கும் முதலில் சம்மதிக்கவில்லை; முண்டு மாற்றி, கவணியைத் தோளில் போட்டு வந்து நின்றார். மண்டபத்தில் நீங்கள் கூட்டமாக நின்று பார்த்த படம் அது.

வெளுக்கும் முன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டும் அக்காவுக்கு நன்றி. குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், அந்த இருட்டில் எனக்காக அவர் நிற்கவே இல்லை. நான்தான் ஓடினேன். பக்கத்து விளைகளில் வெட்ட ஆளில்லாமல் விட்ட மரங்களைக் காட்டித் தந்ததும் அவர்தான். அஸ்ஸாமிலிருந்து வந்து, நம்மவர்கள் விட்டுப்போன ஓட்டு வீட்டில் குடியிருக்கிற குடும்பம் என்னை உட்கார வைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தது. அவர்கள் படம் இல்லாமல் இந்த ஊரின் கதை பாதிதான்.

பனையேறும் பாட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாளையைத் தினமும் சீவாவிட்டால் அக்கானி (பதநீர்) ஊறுவது நின்றுபோகும். அதனால் சீசனில் அவரால் ஊரைவிட்டு எங்கும் போக முடியாது. பிள்ளைகள் யாரும் இங்கே இல்லையே என்று நான் இழுத்தபோது பட்டென்று சொன்னார்: "ஏறாண்டாம்னுதான் படிக்க வச்சேன். பொறவு எதுக்குக் கரையணும் (அழணும்)?" அதற்குப் பிறகு என் படங்களின் தலைப்புகளிலிருந்து 'கைவிடப்பட்ட' என்பதை எடுத்துவிட்டேன்.

பழைய வகுப்பு குரூப் போட்டோக்களை நம்பித் தந்த ஓய்வு பெற்ற டீச்சருக்கு நன்றி. வேண்டாம் என்று மறுத்தவர்களுக்கும் நன்றி. தூத்தூர் கரையில், 2017 ஒக்கி புயலில் மகனை இழந்த ஒரு அம்மா, "எங்க வீட்டுல படம் ஒண்ணு போதும், மக்கா" என்று சுவரைக் காட்டினார். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, அவர் தந்த மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மரத்துக்கான காசு மட்டும் வாங்கி ஃபிரேம் போட்டுத் தந்த நாகர்கோவில் கடைக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் தயார். முதியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டு வருகிறேன். மற்றவர்கள் முக்கு சாயாக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சாவி வைத்திருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும், போனில் அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் படக்காரன்