கருவாட்டு மூட்டைக் காட்சி

சுங்கை சிப்புட்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திவிடாதே, ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார். இங்கே எல்லாரும் நலம். மழைதான் விட மாட்டேன் என்கிறது. பெரியவனுக்குத் தைப்பிங்கிற்கு வேலை மாற்றல் கிடைத்துவிட்டது, இனி வாராவாரம் வீட்டுக்கு வந்துவிடுவான். குடும்பச் செய்தி அவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்க நீ கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான்.

'பெல்-ஏர்' என்ற புது அமெரிக்கத் தொடரைப் பார்த்தாயா, நம் காலத்துச் சிரிப்புத் தொடரான 'ஃப்ரெஷ் பிரின்ஸ்' கதையை ஏன் இப்படி அழுமூஞ்சி ஆக்கிவிட்டார்கள் என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். நீ கோபப்பட்டது போல எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பழையது 1990 முதல் 1996 வரை ஓடியது, மொத்தம் 148 பாகங்கள். ஃபிலடெல்ஃபியாவில் பந்து விளையாடப் போன இடத்தில் வில் என்ற பையன் சண்டையில் மாட்டிக்கொள்கிறான். அம்மா பயந்துபோய், லாஸ் ஏஞ்சலஸில் வசதியாக இருக்கும் தன் உடன்பிறந்தாள் வீட்டுக்கு அவனை அனுப்பிவிடுகிறாள். நமக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று உனக்குத் தெரியாதா என்ன? ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம் பரீட்சை முடித்துவிட்டு, ஆறாம் படிவம் படிக்க நீ ஈப்போவில் மாமா வீட்டுக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே கதைதான். நம் ரப்பர் தோட்டத்திலிருந்து அப்படி எத்தனை பேர் போனோம்! பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் பால் வெட்டு.

2019-இல் மோர்கன் கூப்பர் என்பவர், இதே கதையைச் சிரிப்பில்லாமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்று தானாகவே ஒரு முன்னோட்டம் எடுத்து யூடியூபில் போட்டார். அது பழையதில் வில்லாக நடித்த வில் ஸ்மித்துக்கே பிடித்துப்போய், 2022 பிப்ரவரியில் தொடராகவே வந்துவிட்டது. பழையதில் விளம்பரம் போக ஒரு பாகத்துக்கு 22 நிமிடம் தேறும். அதற்குள் பிரச்சினையும் வர வேண்டும், ஜனங்கள் சிரிக்கவும் வேண்டும், எல்லாம் சரியாகவும் வேண்டும். புதியதில் அந்த அவசரம் இல்லை. அதுதான் பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

புதியதில் சோகத்தைக் கொண்டுவந்து திணித்துவிட்டார்கள் என்கிறாயே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது பழையதிலேயே இருந்தது மல்லிகா. முதல் சீசனில் வில்லும் அந்த வீட்டுப் பையன் கார்ல்டனும், கார்ல்டனின் அப்பா அங்கிள் ஃபிலின் கூட்டாளியுடைய பென்ஸ் காரை ஓட்டிக்கொண்டு போவார்களே, நினைவிருக்கிறதா? கார் திருடர்கள் என்று போலீஸ் உள்ளே வைத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும், போலீஸ் தன் கடமையைத்தானே செய்தது என்று கார்ல்டன் வாதாடிக்கொண்டிருப்பான். கடைசியில் அப்பாவும் மகனும் மட்டும் இருக்கும்போது, நீங்களாக இருந்தால் அந்தக் காரை நிறுத்தியிருக்க மாட்டீர்களா என்று கேட்பான். என்னை முதல்முறை நிறுத்தியபோது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். அந்தப் பையன் தனியாக உட்கார்ந்திருப்பான். அப்புறம் அவனையே வைத்து மறுபடி நம்மைச் சிரிக்க வைத்தார்கள்.

வில்லின் அப்பா வருகிற பாகத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். 1994-இல் வந்தது. 14 வருடம் எட்டிப் பார்க்காத மனிதர் திடீரென்று வந்து, உன்னை என்னோடு கூட்டிப் போகிறேன் என்பார். வில் பெட்டி கட்டிவிடுவான். அப்பாவுக்குக் கொடுக்க ஒரு சிலைகூட வாங்கி வைத்திருப்பான், மகனைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு தகப்பன். அவரோ இவனிடம் சொல்லாமலே கிளம்பப் பார்ப்பார். அவர் போன பிறகு வில் பேசுவதைத்தான் நான் இத்தனை வருடம் கழித்தும் பார்க்கிறேன். முதலில் எனக்கொன்றும் இல்லை என்பான். அவர் இல்லாமலே பந்து போடக் கற்றேன், கார் ஓட்டக் கற்றேன், முகம் மழிக்கக் கற்றேன் என்று அடுக்கிக்கொண்டே போவான். குரல் ஏறும். அப்புறம் அவருக்கு ஏன் நான் வேண்டாம் என்று உடைந்துவிடுவான். அங்கிள் ஃபிலாக நடித்த ஜேம்ஸ் ஏவரி பதில் ஒன்றுமே சொல்லாமல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஜனங்களிடமிருந்து சத்தமே வராது.

புதியதில் இதே அப்பா விஷயத்தை வேறு மாதிரி பிடித்திருக்கிறார்கள். அப்பா சிறையில் இருந்தார், அதைப் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து வில்லிடமிருந்து மறைத்துவிட்டார்கள். இங்கே வில்லின் கோபம் அப்பாவோடு நிற்பதில்லை. சோறு போட்டு வளர்த்தவர்கள் மேலும் திரும்புகிறது. நல்லதுக்குத்தான் மறைத்தோம் என்கிறார்கள் பெரியவர்கள். இப்படி நல்லதுக்கு மறைத்த விஷயம் இல்லாத குடும்பம் நம் லயத்து வரிசை வீடுகளில் எது?

எனக்கு ரொம்பப் பிடித்தது கார்ல்டன்தான். பழையதில் அவன் பாவம், கேலிக்கென்றே பிறந்தவன். குள்ளம், பணக்காரத் திமிர், கையை வீசிக்கொண்டு ஆடும் அந்த ஆட்டம், அவ்வளவுதான். புதியதில் அதே பையனுக்குள் ஓயாத பதற்றம். பள்ளியில் வெள்ளைக்காரப் பையன்களோடு ஒட்டிக்கொள்ள என்னவெல்லாம் விழுங்குகிறான், பதற்றம் தாங்காமல் போதைப் பொருள்வரை போகிறான். வில் வந்து இறங்கியதும் அவனுக்கு ஏன் எரிகிறது என்பது அப்போதுதான் புரிகிறது. சிரிப்பு நாடகத்தில் ஆளுக்கு ஒரு குணம் போதும். இந்த மாதிரி நாடகத்தில் ஆளுக்கு ஒரு காரணம் வேண்டும். மோர்கன் கூப்பர் கார்ல்டனுக்கு அந்தக் காரணத்தைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

உன் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த வீட்டுப் பட்லர் ஜெஃப்ரியை ஏன் அப்படி மர்ம மனிதர் ஆக்கினார்கள்? தட்டை எடுத்துக்கொண்டே எஜமானை ஒரு குத்துக் குத்திவிட்டுப் போவாரே, அந்த மனிதரை நான் தேடிக்கொண்டே இருந்தேன். துரத்தல், துப்பாக்கி, பழைய பகை என்று கதை ஓடும் இடங்களில் எனக்குச் சலித்துப்போனது. சாப்பாட்டு மேசையில்கூட ஒருவரும் ஒழுங்காகச் சிரிப்பதில்லை. கஷ்டப்படுகிற வீட்டில் சிரிப்பு இருக்காது என்று யார் சொன்னது? நம் லயத்தில் சாவு வீட்டிலேயே யாராவது எதையாவது சொல்லி, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பையும் சேர்த்து எடுத்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

சரி, இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டம் போய்த் தாமான் என்று புதுக் குடியிருப்பு வந்துவிட்டாலும் நம் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அடுத்த திருவிழாவுக்கு, நாம் இரண்டு பேரும் எழுதி மேடையேற்றினோமே, அந்த மாமா வீட்டு நாடகத்தைத் திரும்பப் போட வேண்டும் என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். அவர்கள் அம்மா அப்பா சொல்லிச் சொல்லி அது பெரிய கதையாகவே ஆகியிருக்கிறது. பழைய நோட்டைத் தேடி எடுத்து வாசித்தேன்.

கருவாட்டு மூட்டைக் காட்சி நினைவிருக்கிறதா? தோட்டத்துப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி, தேங்காயும் கருவாடும் கட்டிய மூட்டையோடு மாமா வீட்டு வாசலில் நிற்கிறாள். அத்தை மூட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப் பக்கம் வைக்கிறாள். மாமா மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இது கருவாட்டு வாடையா ஒட்டுப்பால் வாடையா என்று கேட்கிறாள். அந்த இடத்தில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது யார்? நம் அம்மாக்கள். விடியற்காலையில் பிரட்டில் பெயர் கொடுத்து, தங்கள் நிரையில் மர வரிசையை வெட்டி முடித்து, பால் வாளி தூக்கியவர்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த ரப்பர் பால் வாடை அவர்கள் கையை விட்டுப் போகாது. அவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

நீ எனக்கு வேறொன்று சொன்னாய். ஈப்போவில் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பள்ளிச் சீருடையை எடுத்து இரண்டாவது தடவை துவைப்பாய் என்று. உண்மையில் அதில் வாடையே இருக்காது என்றும், இருந்தாலும் துவைப்பாய் என்றும் சொன்னாய். அது நம் நாடகத்தில் இல்லை. அதை எழுதலாம் என்ற எண்ணமே அன்று நமக்கு வரவில்லை. திருவிழா, கலர் பல்பு, பக்கத்துத் தோட்டத்து ஜனம் எல்லாம் வந்திருக்க, யார் அழ வைக்க நினைப்பார்கள்?

இந்த முறை அதை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. கதையை மாற்ற வேண்டியதே இல்லை. அதே வாசல், அதே மூட்டை, அதே வசனம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அப்புறம் விளக்கை அணைக்காமல் காட்சியை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். அவள் துவைக்கிறாள். மாமா தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் பார்க்கிறார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தானே? கிராணி என்ற குமாஸ்தா வேலை கிடைத்துப் பட்டணம் வந்து, அந்த வாடை தன் வீட்டு வாசலில் திரும்ப வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதவர். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இன்னும் வரவில்லை. ஜேம்ஸ் ஏவரி மாதிரி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் மாமாக்கள் கட்டிப்பிடிக்கிறவர்கள் இல்லையே. 'விடிஞ்சா ஸ்கூல் இருக்கு, போய்ப் படு' என்பார்கள்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை உன் அத்தைதான். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், அத்தை இருக்கிறார். சிரிப்பு நாடகமாக இருந்தபோது அவரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இப்போது அதே காட்சியை நாம் கனமாக்கினால் அவர் கொடுமைக்காரியாக நிற்பார். அப்படி நிற்க வைப்பது நியாயமே இல்லை. மூட்டையைக் கொல்லையில் வைத்தார், சரி. இரண்டு வருடம் உனக்குச் சோறு போட்டது யார்? ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம் பரீட்சைக்கு விடியற்காலை எழுந்து மைலோ கலக்கிக் கொடுத்தது யார்? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் அத்தையை என்ன பேசினார்கள், எதற்குப் பயந்து அந்த மூட்டையை மறைத்தார்? கார்ல்டனுக்குக் கிடைத்த காரணம் அத்தைக்கும் கிடைத்தாக வேண்டும். அதை என்னால் எழுத முடியாது. அந்த வீட்டில் இருந்தவள் நீ.

வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊர் என்றால் 1948 ஜூன் 16-தான். எல்ஃபில் தோட்டத்துத் துரையைச் சுட்டது, மலாயாவில் அவசரகாலம் வந்தது, அத்தோடு நம் ஊர்க்கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த லயங்களுக்குள் யார் என்ன ஆனார்கள்? தோட்டத்தை விற்றபோது வேலையோடு வீட்டையும் விட்டுவிட்டு எங்கே போனார்கள்? மேடையில் தோட்டத்து ஆள் என்று வந்தால் இன்னமும் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறான், ஜனங்கள் சிரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பழைய சிரிப்புத் தொடரை எடுத்து, இவர்கள் ஏன் இப்படி இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். நம்மிடம் அந்தக் கதை சொந்தமாகவே இருக்கிறது. எழுதிய இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் தயங்காமல் எழுது, பழைய நாடகத்தையே அப்படியே போட்டுவிடுவோம். சரி என்றால் அத்தை வரும் காட்சிகளை நீ எழுத ஆரம்பி. பள்ளி விடுமுறையில் நீ வரும்போது இரண்டு பேருமாக ஈப்போவுக்குப் போய் அத்தைக்கு வாசித்துக் காட்டுவோம். அவர் இதில் எதையாவது வெட்டச் சொன்னால் வெட்டிவிடலாம், ஏதாவது சேர்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. உன்னிடம் இருக்கும் பழைய நோட்டையும் எடுத்து வா. என்னுடையதில் கடைசி இரண்டு பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது, மாமா மகள் பேசும் வசனம் பாதிக்கு மேல் இல்லை.

அன்புடன்,
ராஜி