அட்டையில் இன்னும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரி ஆதிவாசி ஊர்களில் நடக்கும் அரிவாள் அணு ரத்தசோகைப் பரிசோதனை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக 1952-ல் இதே மலையில்தான் கண்டறியப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் எடுத்துச் சொன்னது நன்று. ஆனால் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, சிறு ரத்தக்குழாய்களில் சிக்கி, உடைந்துபோகிறது என்பதோடு நிறுத்திவிட்டார். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குத் தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். பரிசோதனைக்குப் பின் கொடுக்கும் அட்டையில் இன்னும் ஒரு வரி வேண்டும் என்று நான் கேட்பதும் அதனால்தான்.

நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் உண்டு. கிருமி நுழைந்தால் அதன்மேல் ஒட்டி ஓட்டை போடுவது அதன் வேலை. அரிவாள் அணு உடையும்போது வெளியே கொட்டும் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புச்சத்துள்ள பகுதி), கிருமியே இல்லாதபோதும் இந்தப் புரதங்களை உசுப்பிவிடுகிறது. சி3 என்ற புரதம் சிவப்பணுக்கள்மேல் படிந்துவிட்டால், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அவற்றைப் பிடித்துத் தின்றுவிடும். சாதாரண சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள். அரிவாள் அணுவுக்கு 10 முதல் 20 நாள்தான். அதற்கு வளைவு மட்டுமே காரணமல்ல.

இது வெறும் பாடப்புத்தக விஷயமல்ல. இந்த நோயுள்ள கூடலூர் பக்கத்துப் பெண் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற்றினார்கள். கொடையாளரின் ரத்தம் அவருக்குச் சேருமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை சரியாகவே இருந்தது. பத்து நாள் கழித்து இடுப்பிலும் முதுகிலும் வலி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கட்டன் சாயா நிறம். இந்த நோயில் வழக்கமாக வரும் வலிதான் என்று நினைத்து மறுபடி ரத்தம் கேட்டு அனுப்பினார்கள். ஆனால் ஹீமோகுளோபின், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பிருந்த அளவைவிடக் கீழே போயிருந்தது. ஏற்றிய ரத்தம் மட்டும் அழிந்திருந்தால் பழைய அளவில் நின்றிருக்கும். அவருடைய சொந்த அணுக்களும் சேர்ந்து அழிந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் இன்னும் ரத்தம் ஏற்றுவது எரிகிற தீயில் எண்ணெய்.

தேடிப் பார்த்ததில் அவருடைய அம்மா பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த பழைய சீட்டு ஒன்றில் 'ஆன்டி-இ' என்று எழுதியிருந்தது. எப்போதோ ஏற்றிய ரத்தத்தின் சிவப்பணுக்கள்மேல் இருந்த 'இ' என்ற அடையாளத்துக்கு எதிராக உருவான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், அது. மாதங்கள் கடந்தால் இது பரிசோதனையில் சிக்காத அளவுக்குக் குறைந்துவிடும். அதே வகை அணு மறுபடி உள்ளே வந்ததும் சில நாட்களில் கிளம்பும், காம்ப்ளிமென்ட்டையும் கூட்டிக்கொண்டு. நல்லவேளை, ரத்தம் ஏற்றுவதை நிறுத்தி, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள், பிழைத்தார். மிகக் கடுமையான நிலையில் சி5 புரதத்தைத் தடுக்கும் எகுலிசுமாப் மருந்து சிலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் விலைக்கு நம்மூரில் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் ஊர் ஊராக ரத்தம் சோதித்து அட்டை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். நோய் உள்ளவரா, நோயின் மரபணுவை மட்டும் சுமப்பவரா என்று அட்டை சொல்லிவிடும். எப்போது, எங்கே ரத்தம் ஏற்றப்பட்டது, என்ன ஆன்டிபாடி இருந்தது என்பதற்கும் அதில் ஒரு வரி வேண்டும். கூலி வேலைக்காக மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மருத்துவமனைக்குப் போகிறார்கள். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் அம்மா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இன்னொன்று. ஏ, பி, ஓ வகையும், பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும் ஆர்எச் டி-யும் பார்த்தால் மட்டும் இந்த நோயாளிகளுக்குப் போதாது. ஆர்எச் வகையில் மற்ற சி, இ பிரிவுகளையும் கெல் என்ற இன்னொரு ரத்தப் பிரிவையும் பொருத்திப் பார்த்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த வகைப்பாட்டை முதல் பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே செய்து அட்டையில் எழுதிவிட வேண்டும். ஏற்றிய பிறகு கொடையாளரின் அணுக்களும் கலந்திருப்பதால், மூன்று மாதம்வரை சாதாரணச் சோதனை முடிவை நம்ப முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி டெக்னீஷியன்,
கூடலூர், நீலகிரி.