அறிவியல் கண்காட்சி: யூகம் தப்பாகப் போனாலும் அழிக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி நம் பள்ளியில் நடக்கும் கண்காட்சியில் இந்த ஆண்டு ஒரு மாற்றம். தெர்மாகோல் எரிமலை, கடையில் வாங்கிய சூரியக் குடும்பம், அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டிய காற்றாலை எதுவும் வேண்டாம். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் முறையின் படிகள் என்னவென்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும்: உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, பதிவு, முடிவு. தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். ஆனால், “நீ நினைத்தது சோதனையில் வரவில்லை என்றால் என்ன செய்வாய்?” என்று கேட்டால், “திருத்தி எழுதிடுவேன் சார்” என்று பதில் வருகிறது. எனக்குக் கவலை அங்கேதான்.

சோறு சம்பந்தப்பட்ட ஒரு உண்மைக் கதையைச் சொல்கிறேன். 1880களில் ஜாவா தீவு டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே சிப்பாய்களையும் கைதிகளையும் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கும், முற்றினால் இதயமே நின்றுவிடும். நோய்க்கெல்லாம் கிருமிதான் காரணம் என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இதற்கும் ஒரு கிருமி இருக்கும் என்று நம்பித்தான் 1886இல் ஒரு குழுவை டச்சு அரசு அனுப்பியது. குழுவோடு போன இளம் மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான். மற்றவர்கள் ஊர் திரும்ப, அவர் மட்டும் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தங்கி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டார்.

1889இல் ஆய்வகத்துக் கோழிகளும் அதே மாதிரி தள்ளாடி விழ ஆரம்பித்தன. கிருமி கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். நோய்ப்பட்ட கோழியிலிருந்து எடுத்ததை நல்ல கோழிக்குச் செலுத்திப் பார்த்தார். அதற்கும் நோய் வந்தது. சரி, நிரூபணம் ஆயிற்று என்று பேனாவை மூடியிருக்கலாம். ஆனால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செலுத்தாமல் தனியாக வைத்திருந்த கோழிகளும் விழுந்தன. அந்தக் கோழிகள் இல்லாவிட்டால், பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே அவர் எழுதியிருப்பார்.

அப்புறம் நவம்பர் கடைசியில் திடீரென்று நோயே நின்றுபோனது. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. ஆய்வகப் பணியாளர் செலவை மிச்சம் பிடிக்க, ராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே புதிதாக வந்த சமையல்காரர், சிப்பாய்க்கான அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழைய தீனிக்குத் திரும்பின, பிழைத்துக்கொண்டன. (அந்தச் சமையல்காரரின் பெயரை யாரும் குறித்து வைக்காதது எனக்கு வருத்தம்.)

இது வெறும் தற்செயல் என்று விடாமல் எய்க்மான் வேண்டுமென்றே சோதித்தார். நன்றாகத் தீட்டிய அரிசி கொடுத்தால் நோய் வந்தது. தவிடு போகாத அரிசி கொடுத்தால் குணமானது. மனிதர்களுக்கும் அப்படித்தானா என்று பார்க்க, ஃபோர்டர்மான் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் கணக்கெடுத்தார். தவிட்டோடு கூடிய அரிசி போட்ட சிறைகளில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு நோய். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு.

இவ்வளவு சரியாகச் செய்தும் எய்க்மான் சொன்ன காரணம் தப்பு. அரிசியின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றார். அவருக்குப் பின் அங்கே வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரீன்ஸ்தான் 1901இல், நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று சொன்னார். அந்த ஒன்றைத்தான் இன்று வைட்டமின் பி1, தயமின் என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கொடுத்தபோது, காரணத்தைத் தப்பாகச் சொன்னார் என்று யாரும் அதைத் தடுக்கவில்லை. அவர் பதிவுகள் நேர்மையாக இருந்ததால்தான் அடுத்தவரால் திருத்த முடிந்தது.

நம் புழுங்கல் அரிசிக்கும் இதில் பங்கு உண்டு. மலாயாவில் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அநேகமாக இல்லை. (நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.) இனமா, இடமா, அரிசியா என்று பிரித்துப் பார்க்க வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படைக்குப் பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கலரிசி. பாதியில் இரு கூட்டத்தாரின் கட்டடங்களையும் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. நோய் அரிசியோடுதான் போயிற்று, கட்டடத்தோடு போகவில்லை. இவருக்கு இந்த அரிசி, அவருக்கு அந்த அரிசி என்று தன் விருப்பத்துக்குப் பிரிக்காமல் எண்ணுக்கு விட்டதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பாடவேளை முழுக்க விளக்கத் தயார். ஆனால் நோயாளிகளின் சம்மதம் கேட்காமல் நடந்த இந்தச் சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஆகவே நம் பிள்ளைகளும் தம்பி தங்கை மேலோ நாய், பூனை மேலோ எதையும் சோதிக்க வேண்டாம். நெருப்பு, அமிலம், மின்சாரமும் வேண்டாம். அடுப்படியிலேயே வேண்டிய அளவு கேள்விகள் இருக்கின்றன. உறைமோர் கூடினால் தயிர் சீக்கிரம் உறையுமா? உப்புத் தண்ணீரில் பச்சைப்பயறு முளைக்குமா? வேப்பிலை போட்டால் அரிசியில் வண்டு வராது என்று பாட்டி சொல்வது எவ்வளவு தூரம் உண்மை? பாட்டி கோபித்துக்கொள்ளாதபடி கேட்கச் சொல்லுங்கள்.

எந்தக் கேள்வியானாலும் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். தயிர் என்றால் ஒரே பால், ஒரே மாதிரிக் கிண்ணங்கள், ஒரே சூடு, ஒரே இடம். மோரின் அளவு மட்டும் வேறு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கிண்ணத்துக்குப் பதிலாக மூன்று வைத்தால் நல்லது. மோரே ஊற்றாத கிண்ணமும் கட்டாயம் இருக்க வேண்டும். பல பிள்ளைகள் அதை வீண் என்று விட்டுவிடுகிறார்கள்.

நோட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப்போகிறோம். தொடங்குவதற்கு முன்பே தன் யூகத்தைத் தேதி போட்டுப் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது. அடித்தல் திருத்தல் இருக்கலாம், பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அம்மாவின் அழகான கையெழுத்தில் வரும் நோட்டை எங்கள் ஆசிரியர்கள் ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். யூகம் சரியாக வந்ததற்குத் தனி மதிப்பெண் கிடையாது. பார்த்ததை அப்படியே எழுதியதற்கு உண்டு. நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, விடை தெரிந்தாலும் சொல்லாமல் “அது எப்படித் தெரியும் உனக்கு?” என்று கேட்பது.

இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். நோட்டுகளைப் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கட்டும். கண்காட்சிக்குப் பெற்றோர் இருவரில் ஒருவராவது வாருங்கள். வந்து உங்கள் பிள்ளையிடம் மட்டுமல்ல, பக்கத்து மேசைப் பிள்ளையிடமும் கேள்வி கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் பள்ளிக்கு வந்து என்னையோ அறிவியல் ஆசிரியர்களையோ பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்