பார்வைக்கு மட்டும் பழசு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஸ்காட்லாந்து மாளிகைகள் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் பியூட் தீவின் மவுண்ட் ஸ்டூவர்ட்டை 'இடைக்காலக் கோட்டை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கிளாஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வீம்ஸ் பேயில் கப்பல் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். பார்வைக்குத்தான் அது பழசு.

அங்கே முன்பு இருந்தது 1719-இல் கட்டிய வீடு. 1877 டிசம்பரில் தீப்பிடித்து நடுப்பகுதி போயிற்று. பக்கவாட்டுக் கட்டடங்கள் இரண்டும் தப்பின. வீட்டுக்குச் சொந்தக்காரரான மூன்றாம் பியூட் பிரபுவிடம் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் துறைமுகத்து நிலக்கரிப் பணம் கொட்டிக் கிடந்தது. ராபர்ட் ரோவண்ட் ஆண்டர்சன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, நடுவில் சிவப்பு மணற்கல்லில் கூர்வளைவுகளோடு புது மாளிகை எழுப்பினார். நிஜமான பழசு வேண்டுமென்றால், ஓரத்தில் அடக்கமாக நிற்கும் அந்த இரண்டு கட்டடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மின்வாரியத்தில் காலம் தள்ளியவன் என்பதால் என் கண் வேறு பக்கம் போயிற்று. ஸ்காட்லாந்தில் மின்விளக்குக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய முதல் வீடு இதுதான் என்கிறார்கள். தொலைபேசி, லிஃப்ட், அறைகளைச் சூடாக்கும் குழாய்கள் என்று அந்தக் காலத்துப் புதுமை எதையும் பிரபு விடவில்லை. வீட்டுக்குள்ளேயே வெந்நீர் நீச்சல்குளம்; அதன் கூரை மட்டும் மாதா கோயில் மாதிரி!

அப்புறம் அந்த ஜாதக அறை. பிரபு பிறந்தது 1847 செப்டம்பர் 12. அந்த நேரத்தில் கிரகங்கள் எங்கெங்கே நின்றன என்பதைக் கூரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நாம் நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டுகிற சமாச்சாரம். அவர் கத்தோலிக்கராக மதம் மாறியவர். ஆனாலும் கிரகங்களை விடவில்லை. பளிங்குக் கூடத்து ஜன்னல்களிலும் பன்னிரண்டு ராசிகள்தான். வெயில் வந்தபோது ராசிகளின் நிறம் பளிங்கில் இறங்கியது. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றேன்.

1900-இல், 53 வயதில் அவர் இறந்தபோதும் மாளிகை வேலை முடியவில்லை. கட்டுரை புத்தகமாக வரும்போது 'இடைக்காலம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருச்சி