பி ஸ்ட்ரிங்க ஏ-க்கு இறக்குறதுக்கு முன்னாடி, நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. புதுச்சேரி முத்தியால்பேட்டை கிட்டார் ரிப்பேர் கடைலேர்ந்து எழுதுறோம். கொஞ்ச நாளா அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் எடுத்துட்டு வர்ற தம்பிங்க நிறைய பேர் ஒரே கம்ப்ளெயின்ட்தான் சொல்றாங்க. "அண்ணா பேஸ் வீணாப் போச்சு, தடி கம்பி கொடகொடன்னு அடிக்குது, நெக் வளைஞ்சிருச்சு போல." கையில வாங்கிப் பாத்தா நெக் நல்லாத்தான் இருக்கும், அந்த தடி கம்பியை, அதான் பி ஸ்ட்ரிங்க, ஏ சுருதிக்கு இறக்கி வச்சிருப்பாங்க, சில பேர் ஜி வரைக்கும் கூட. பேஸ் மேல ஒரு தப்பும் இல்லைங்க. ஒவ்வொருத்தருக்கும் கவுன்ட்டர்ல நின்னு வெளக்கி தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

நம்ம ஊர் கணக்குல சொன்னா பி-ங்கறது ஏழு கட்டை, ஏ-ங்கறது ஆறு கட்டை. ஒரு கட்டைதானே, கம்பியை முறுக்குற கீயை ரெண்டு சுத்து திருப்புனா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா பேஸோட அந்த பி வந்து 30.87 ஹெர்ட்ஸ், ஏ 27.5, அதாவது பெரிய பியானோவுல இடது ஓரத்துல கடைசியா இருக்குற சுரம், அதுக்குக் கீழ சாதாரண பியானோவுல ஒண்ணும் கெடையாது. சுருதி நூத்துக்கு 11 எறங்குது, ஆனா கம்பியோட டென்ஷன் அதே அளவு எறங்காது, நூத்துக்கு 20-க்கு மேல எறங்கிடும், ஜி-க்கு போனா 37. மிருதங்கத்துல வாரை ரொம்ப தளத்திட்டா தொப்புத்தொப்புன்னு கேக்கும்ல, அந்த மாதிரி. தளந்த கம்பி ஆடுறப்ப அகலமா ஆடும், ஆடி நெக் மேல குறுக்க பதிச்சிருக்குற ஃப்ரெட்ல இடிக்கும், அதுதான் நீங்க கேக்குற கொடகொட. அதுல இன்னொண்ணு, அழுத்தி அடிச்சீங்கன்னா அடிச்ச நொடியில சுருதி மேல போயிட்டு அப்புறமா எறங்கும், ட்யூனர்ல முள்ளு நிக்காம அலையறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதுக்கு மருந்து தடிமனான கம்பிதான். சாதாரணமா அஞ்சு ஸ்ட்ரிங் செட்ல பி வந்து 130 கேஜ், அதாவது ஒரு இன்ச்சை ஆயிரமா பிரிச்சா 130 பங்கு தடிமன். அதே டென்ஷன் ஏ-லயும் வேணும்னா கணக்கு 146-ல வந்து நிக்குது, கடையில கெடைக்கிறது 145, அது போதும், கைக்கு பழைய பி மாதிரியே இருக்கும். ஜி-க்கு போகணும்னா 165 கிட்ட வேணும், அது எல்லா கீயிலயும் நுழையாது, அதனால ஜி கேக்குற தம்பிங்களுக்கு நாங்க நேராவே சொல்லிடுறோம், யோசிச்சுக்கோப்பா.

கம்பியை மட்டும் மாத்திக் குடுங்கன்னு கேக்காதீங்க, இதுதான் முக்கியமா சொல்ல வந்தது. 145 கம்பி 130-க்கு வெட்டுன நட்டுல, அதான் நெக் உச்சியில கம்பி உக்கார்ற பள்ளம் இருக்குற துண்டுல, உக்காராது, மேல தொத்திக்கிட்டு நிக்கும், அரத்தால அகலப்படுத்தணும், வித்தியாசம் அரை மில்லிமீட்டர் கூட இல்ல ஆனா அதுதான் எல்லாமே. அப்புறம் பிரிட்ஜ்ல கம்பியைத் தாங்குற சேடிலை பின்னாடி தள்ளணும், இல்லன்னா பன்னெண்டாவது ஃப்ரெட்ல அமுத்துனா சுருதி மேல போகும். இங்கதான் நம்ம ஊர் விஷயம் வருது. கடல் காத்துல அந்த குட்டி ஸ்க்ரூ எல்லாம் துரு புடிச்சு இறுகிப் போயிருக்கும், தேவனாம்பட்டினம் பக்கத்துலேர்ந்து வர்ற பேஸ்னா கேக்கவே வேணாம், பலமா திருப்புனா தலை வழுக்கிடும், அதனால எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைக்கிறோம். "கால்மணி நேர வேலைக்கு ரெண்டு நாள் ஏன் வச்சுக்கறீங்க"ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். நெக்கோட வளைவை சரி பண்ற ட்ரஸ் ராடும் கம்பி ஏறுன மறுநாள் பாத்து திருப்புறதுதான் நல்லது, நெக் உடனே உக்காராது.

ஒரு உண்மையும் சொல்லிடறோம், தப்பு நம்ம மேலதான். ஒருத்தர் ஏ கேட்டார்னு நட்டை அகலமா வெட்டிக் குடுத்துட்டோம், ரெண்டே வாரத்துல பேண்ட் கலைஞ்சு போயி அவரு பழையபடி 130-க்கே வந்துட்டாரு, பழைய கம்பி அந்த பள்ளத்துல உருள ஆரம்பிச்சிருச்சு. கடைசியில எலும்புல புது நட்டு செஞ்சு காசு வாங்காம மாட்டிக் குடுத்தோம். அதுலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டுதான் அரத்தை எடுக்கறோம், கோச்சுக்காதீங்க.

உண்மையிலயே உங்களுக்கு ஏ வேணுமான்னு ஒரு கேள்வி இருக்கு. உங்க கிட்டார்காரர் ஏழு ஸ்ட்ரிங் கிட்டார்ல தடி கம்பியை மட்டும் ஏ-க்கு இறக்கி (ட்ராப் ஏ) வாசிக்கிறாருன்னா கண்டிப்பா வேணும். அப்ப உங்க பேஸ் ஏ-ஈ-ஏ-டி-ஜி, ஒரு விரலை படுக்க வச்சா கீழ மூணு கம்பியில ஸ-ப-ஸ வந்துடும், ஆனா அந்த ஆழத்துல ஸ-வும் ப-வும் சேத்து அடிச்சா சேறு மாதிரி கேக்கும், மேல இருக்குற ஸ-வை சேத்து அடிங்க, அது சுத்தமா இருக்கும். அதோட தடி கம்பியில மட்டும் எல்லா சுரமும் ரெண்டு ஃப்ரெட் தள்ளிப் போயிருக்கும், மேடையில மறந்துடுவீங்க. கோர்ன்ங்கற அமெரிக்க மெட்டல் பேண்ட் மாதிரி அஞ்சு கம்பியையும் ஒரே அளவு இறக்கி ஏ-டி-ஜி-சி-எஃப் வச்சா விரல் கணக்கு மாறாது, ஆனா அப்ப அஞ்சு கம்பியுமே தடிமனா போடணும், செலவு கூடும். மெல்லிசைக் குழு, சர்ச் பாட்டுன்னா பாட்டு முடியறப்ப ஒரே ஒரு ஏ வருதுன்னு இவ்ளோ செலவு வேணாம்னுதான் நாங்க சொல்லுவோம், வேணும்னா தடி கம்பியோட கீயில ஒரு டீட்யூனர் மாட்டிக்கலாம், தட்டுனா எறங்கும் திருப்புனா ஏறும், அந்த ஒரு சுரத்துக்கு கம்பி தளந்திருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. நாலு ஸ்ட்ரிங் வச்சிருக்கவங்களும் கேக்குறாங்க, அஞ்சு ஸ்ட்ரிங் செட் வாங்கி ஜி-யை விட்டுட்டு பி-ஈ-ஏ-டி போட்டுக்கலாம், நட்டு வேலை இதுலயும் உண்டு.

ஆம்ப் பத்தியும் ஒரு வார்த்தை. வீட்ல இருக்குற எட்டு இன்ச் ஸ்பீக்கர் 27 ஹெர்ட்ஸ நெஜமா குடுக்காது, நீங்க கேக்குறது அதே சுரத்துக்குள்ள மேல இருக்குற 55, 82 ஹெர்ட்ஸைத்தான், காது அதை வச்சு கீழ இருக்குறதை தானா நிரப்பிக்கும். அதனால பேஸ் குமிழை முழுசா திருப்பி ஸ்பீக்கரை கிழிச்சுக்காதீங்க, மிட் குமிழை கொஞ்சம் ஏத்துங்க, பிரிட்ஜ் பக்கமா கையை வச்சு மெதுவா மீட்டுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும். ட்யூன் பண்றப்பவும் பன்னெண்டாவது ஃப்ரெட் மேல லேசா தொட்டு ஹார்மோனிக்ஸ் எடுத்துப் பாருங்க, ட்யூனர் ஒழுங்கா புடிக்கும்.

பேஸ் கொண்டு வர்றப்ப எந்த ட்யூனிங்னு ஒரு தாள்ல எழுதி பைக்குள்ள போட்டுடுங்க, பழைய கம்பியையும் தூக்கிப் போடாம எடுத்துட்டு வாங்க. கடலூர்லேர்ந்து பஸ்ல வர்றவங்க கெளம்புறதுக்கு முன்னாடி 145 இருக்கான்னு ஒரு போன் அடிச்சு கேட்டுக்கோங்க, அது எப்பவும் ஸ்டாக்ல இருக்காது. ஞாயித்துக்கெழமை சர்ச்ல வாசிக்கிறவங்க புதனுக்குள்ள குடுத்துடுங்க, சனிக்கெழமை சாயந்திரம் வந்து நின்னா டீ வேணா வாங்கித் தர்றோம், பேஸ் திங்கக்கெழமைதான்.