'அருமயான பதிவு' என்று எழுதியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ளவர்களே,

என் வலைப்பூவை மின்னஞ்சலில் வாங்குகிறவர்களின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தொட்ட அன்று, "உங்கள் அனைவரின் ஆதரவுக்கும் நன்றி" என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். போட்ட பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவியது போல இருந்தது. அதனால் இப்போது ஆளுக்கு ஆள் சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் அக்கா.

2014-இல் வெறும் கண்ணால் வானம் பார்ப்பது பற்றி எழுதத் தொடங்கினேன். என்னிடம் தொலைநோக்கி கிடையாது. நான் படித்ததும் வேறு. முதல் ஆறு மாதம் எனக்குப் பின்னூட்டம் போட்டவர்கள் மொத்தமே மூன்று பேர்: 'வான்முகில்' ஒருவர், 'விடிவெள்ளி' ஒருவர், அப்புறம் பெயர் போடாத ஓர் அனானி. மூவருமே பாராட்டினார்கள். மூவருக்கும் தனித்தனியாக, மரியாதையாக, நீளமாகப் பதில் எழுதினேன். மூவருமே 'அருமையான' என்பதை 'அருமயான' என்று எழுதுகிறார்கள் என்பது ஆறாவது மாதம்தான் கண்ணில் பட்டது. அப்படி எழுதுகிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அக்காதான். கேட்டேன். "வாசலில் நாலு செருப்பு கிடந்தால்தான் உள்ளே என்னவென்று அடுத்தவன் எட்டிப் பார்ப்பான்" என்றாள். நியாயமாகப் பார்த்தால் அது ஏமாற்று வேலை. ஆனால் அந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் ஏழாவது மாதம் நான் எழுதியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. அக்கா, இதைப் பொதுவில் போட்டு உடைத்ததற்குத் திட்டாதே.

அடுத்து, எனக்கு மூன்றே வரியில் மடல் எழுதிய ஐயாவுக்கு.

நள்ளிரவில் தலைக்கு மேல் பளிச்சென்று ஒன்றைப் பார்த்துவிட்டு, அதை வெள்ளி என்று எழுதிவிட்டேன். மறுநாள் மடல் வந்தது. "வெள்ளி வானத்தில் சூரியனை விட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகாது, மாலையில் மேற்கே தெரியும், இல்லையென்றால் விடியலில் கிழக்கே. நடு இரவில் உச்சியில் வராது. நீங்கள் பார்த்தது வியாழனாக இருக்கும்." பின்னூட்டத்தில் போட்டு என் மானத்தை வாங்கியிருக்கலாம், தனியாக எழுதினார். நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் பதிவுக்குள் போய் 'வெள்ளி'யை அழித்து 'வியாழன்' என்று மாற்றிவிட்டு, அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு மடல். "மாற்றியதைப் பார்த்தேன். முன்னாடியே படித்துவிட்டுப் போனவர்களுக்கு யார் சொல்வது?"

அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தமும் பதிவின் தலையில், தேதியோடு, 'இப்படி எழுதியிருந்தேன், தவறு, சரி இதுதான்' என்று நிற்கிறது. இதுவரை 38 திருத்தங்கள். இத்தனை தப்பைக் காட்டினால் யார் மதிப்பார்கள் என்று பயந்தேன். ஆனால் புதிதாக வருகிறவர்கள் மடல் எழுதும்போது, "திருத்தங்களைப் பார்த்துத்தான் மின்னஞ்சல் முகவரி கொடுத்தேன்" என்கிறார்கள். ஐயா இப்போது என் பதிவுகளை வெளியிடும் முன்பே படித்துத் தருகிறார். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னதில்லை. குறிப்பு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தால் நன்றாக இருக்கிறது என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப்போகிறவருக்கு நான் பட்ட கடன்தான் மிகப் பெரியது.

2016-இல் ஒரு குரல் செய்தி வந்தது. "உங்கள் பதிவுகளை என் கைபேசி எனக்கு வாசித்துக் காட்டும். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். சரியாக முக்கியமான இடம் வரும்போது 'படம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடும். அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது?" அவருக்குப் பார்வை கிடையாது. வானம் பார்க்கிற பதிவை இவர் எதற்குப் படிக்கிறார் என்று மனதுக்குள் ஓடியது. கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். மகளுக்கு ஆறு வயது. ராத்திரி அவளுக்கு விண்மீன் காட்டுவது வீட்டில் அவர் வேலை. "கண் அவளுடையது, வழி சொல்வது நான்" என்றார்.

அன்று மாலை ஓரியன் படத்துக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். 'ஓரியன் விண்மீன் குழுவின் வரைபடம்' என்று எழுதி அனுப்பினேன். சிரித்தார். "இது டப்பாவின் மேல் ஒட்டுகிற சீட்டு. உள்ளே என்ன இருக்கிறது?" இரண்டாவது தடவை எழுதியதில் 'மேலே உள்ளபடி' என்று இரண்டு இடத்தில் வந்திருந்தது. மூன்றாவதாக எழுதியது இது: "ஒரே கோட்டில், கிட்டத்தட்டச் சம இடைவெளியில் மூன்று விண்மீன்கள். கையை முழுதாக நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூன்றும் அதன் பின்னால் மறைந்துவிடும். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம், நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலம் தள்ளிச் சிவப்பாகத் திருவாதிரை. எதிர்ப்பக்கம் அதே தூரத்தில் நீலம் கலந்த வெள்ளையாக ரைஜெல்." மறுநாள் இரவு மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. பின்னணியில் அவள் குரலும் கேட்டது. ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், படுக்கப் போக மாட்டேன் என்று.

ஒருவருக்காகச் செய்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்வை உள்ளவர்களிடமிருந்தும் மடல்கள் வரத் தொடங்கின. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் கைபேசித் திரையை ஒரு தடவை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. படத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடியவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு தடவை படித்துவிட்டு, கைபேசியை வைத்துவிட்டு வெளியே போகிறார்கள். தேடுபொறிக்கும் என் வரைபடம் புரிந்திருக்காது. எழுதி வைத்த சொற்கள் புரிந்தன. இன்றுவரை புதியவர்களை அதிகம் கூட்டி வருவது அந்த ஓரியன் பதிவுதான். வாசகர்களைப் பெருக்க நான் படித்த எந்த உத்தியும் இதில் கால்வாசிகூடச் செய்யவில்லை. பார்க்காதவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவரே, உங்கள் மகளுக்கு இப்போது பதினைந்து வயதுக்கு மேல் இருக்கும். என் பதிவுகளை அவள் திருத்துகிற காலம் வரட்டும்.

இனி நான் பெருமைப்படாத பகுதி.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானத்தில் 0.1 டிகிரி இடைவெளிக்கு நெருங்கி வந்தன. அவ்வளவு நெருக்கம் 1623-க்குப் பிறகு அப்போதுதான். நான் கைபேசியில் எடுத்த ஒரு சுமாரான படத்தோடு எழுதியிருந்தேன். பெரிய வாசகர் வட்டம் உள்ள ஒருவர், படத்தைப் பயன்படுத்தலாமா என்று முன்கூட்டியே கேட்டு, என் பெயரைப் போட்டு, "இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், இவர் சொல்வதைப் படித்துவிட்டு வெளியே போங்கள்" என்று தன் சொந்த வார்த்தையில் எழுதிப் பகிர்ந்தார். வெறும் இணைப்பை மட்டும் போட்டிருந்தால் நூறு பேர் வந்திருப்பார்கள். அவர் வார்த்தைக்கு வந்தவர்கள் பல ஆயிரம். மூன்றே நாளில் என்னைப் பின்தொடர்கிறவர்கள் 900-லிருந்து 14,000 ஆனார்கள். கேட்டுவிட்டு எடுத்ததற்கும், பெயரை வெட்டாமல் விட்டதற்கும் அவருக்கு நன்றி. அதே படத்தை என் பெயரை வெட்டிவிட்டுப் போட்டவர்களும் இருக்கிறார்கள், அதை விடுங்கள்.

அடுத்த வாரம் தேய்பிறை பற்றி எழுதினேன். திறந்து பார்த்தவர்கள் 31 பேர்.

பதினாலாயிரம் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. வந்தவர்கள் இரண்டு கோள்களைப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். எண் மட்டும் என் பக்கத்தில் தங்கிவிட்டது. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை அந்த அலையைக் கிளப்ப மூன்று மாதம் பாடுபட்டேன். 'நீ என்னைப் பின்தொடர், நான் உன்னைப் பின்தொடர்கிறேன்' என்கிற குழுக்களில் சேர்ந்தேன். தலைப்புகளில் ஆச்சரியக்குறி முளைத்தது. 'இன்றிரவு தவறவிட்டால் தவறவிட்டதுதான்!' அந்தச் சமயத்தில்தான் 'சூப்பர் மூன்' வந்தது, அதாவது நிலா பூமிக்குப் பக்கத்தில் இருக்கும்போது வரும் முழுநிலவு. மிகத் தொலைவில் இருக்கும்போது வரும் முழுநிலவோடு ஒப்பிட்டால் அது சுமார் 14 சதவீதம் பெரிது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு நிலா இல்லாததால் வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு இது தெரியும். தெரிந்தே 'வானம் நிறைக்கும் நிலா' என்று தலைப்புப் போட்டேன்.

மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகுகிறவர்களிடம் காரணம் கேட்கும் ஒரு பெட்டி உண்டு. யாரும் அதை நிரப்புவதில்லை. அன்று ஒருவர் நிரப்பினார். "தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நிலா எப்போதும் போலத்தான் இருந்தது. இனிமேல் உங்களை நம்பி எழுப்ப மாட்டேன்."

அம்மா, நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை, விலகிவிட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். அந்த வரி வரைக்கும் பின்தொடர்கிறவர் என்றால் எனக்குத் திரையில் ஓர் எண். நான் சொன்னதை நம்பி யாரோ ஒருவர் இருட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார் என்று நினைத்தே பார்த்ததில்லை. குழுக்களை விட்டு மறுநாளே வெளியேறினேன். அந்தத் தலைப்பை மாற்றவில்லை. ஐயா சொல்லிக்கொடுத்தபடி தலையில் திருத்தம் போட்டேன். 38-இல் எழுதக் கூசியது அது ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு பதிவிலும் 'தூக்கத்திலிருந்து எழலாமா?' என்று ஒரு வரி இருக்கிறதே, அது உங்களால் வந்தது. பெரும்பாலும் பதில் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும்.

தொழில்நுட்ப நண்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் அவருக்குப் பிடிக்காது. மின்னஞ்சல் பட்டியல் வைத்தே ஆக வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர். "பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கக் கூகுள் ரீடரை நம்பியிருந்தோம், 2013 ஜூலை 1-இல் அது மூடப்பட்டது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016-இல் நேர வரிசையை விட்டுவிட்டு, எதை முதலில் காட்டுவது என்பதைக் கணினியின் கணிப்புக்கு விட்டன. வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்காதே" என்பார். முகவரிப் பட்டியலை மாதம் ஒரு முறை கோப்பாக இறக்கிவைக்கப் பழக்கியதும் அவர்தான். என் தளத்தின் பெயரைப் புதுப்பிக்க மறந்து, நினைவூட்டல் எல்லாம் நான் பயன்படுத்தாத பழைய முகவரிக்குப் போய், ஒரு காலையில் என் தளம் இருந்த இடத்தில் வெறும் விளம்பரங்கள் நின்றபோது, நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். காலாவதியான பெயரைத் திரும்பப் பெறும் அவகாசம் முடிய நான்கு நாள் இருந்ததாம். பிறகுதான் சொன்னார்.

ட்விட்டரில் தமிழில் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுத்த கல்லூரி மாணவிக்கும் நன்றி. அங்கே புள்ளியும் கொக்கியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். காகிதத்தில் மூன்று எழுத்தான 'நன்றி' அங்கே ஐந்து. அப்போதைய வரம்பான 140 எழுத்துக்குள் ஒரு விண்மீனை அடக்க என்னோடு உட்கார்ந்து சொல் சொல்லாக வெட்டினார். 2017 நவம்பரில் வரம்பு 280 ஆனபோது, "இனி நீங்கள் கெட்டுப்போவீர்கள்" என்றார். இந்த மடலின் நீளத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி.

கடைசியாக ஒருவர்.

இந்த மடலுக்காகப் பழைய மடல்களைத் துழாவியபோது, எரித (ஸ்பேம்) கோப்புறையில் 2017-இல் வந்த ஒன்று திறக்கப்படாமலே கிடந்தது. "நேற்று நிலாவைச் சுற்றிப் பெரிய கோட்டை கட்டியிருந்தது. பாட்டி பயப்படுகிறாள். ஏதாவது ஆபத்தா? நீங்கள் சொன்னால் நம்புவாள்." உடனே பதில் எழுதினேன், அந்த முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதுகிறேன். ஆபத்து எதுவும் இல்லை. மிக உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தில் பனிப்படிகங்கள் இருக்கும். நிலவொளி அவற்றுக்குள் புகுந்து வளைந்து வெளியேறும்போது அந்த வட்டம் தெரிகிறது. நிலாவிலிருந்து வளையம் வரைக்கும் 22 டிகிரி. கையை நீட்டி விரல்களை முழுதாக விரித்தால், கட்டைவிரல் நுனி நிலாவில் இருக்கும்போது சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொடும். அடுத்த தடவை பாட்டியையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.