தானே சீர்செய்யும் மென்பொருளுக்கும் வரம்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தன்னைத்தானே நிர்வகித்துக்கொள்ளும் கணினி அமைப்பை வாங்கிவிட்டால் இரவுப் பணிக்கு ஆளே வேண்டாம் என்ற பேச்சு, மணலி, திருவொற்றியூர் பக்கத்துச் சரக்குப் பெட்டக முனையங்களில் அடிபடுகிறது. அப்படியொரு முனையத்தில் கணினிப் பராமரிப்பைக் கவனிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இச்சிந்தனை புதிதன்று. கணினி அமைப்புகளின் சிக்கல் மனிதர் கைக்கு அடங்காமல் பெருகுகிறது என்று 2001-இல் எச்சரித்த ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவின் பால் ஹார்ன், அவை தம்மைத் தாமே பேணிக்கொள்ள வேண்டும் என்றார். கண்காணித்தல், ஆராய்தல், திட்டமிடுதல், செயல்படுத்துதல் என்னும் சுழற்சியை அந்நிறுவனத்தின் கெஃபார்ட்டும் செஸ்ஸும் 2003-இல் விளக்கினர். பல கணினிகளில் ஓடும் மென்பொருள்களை நிர்வகிப்பதற்காகக் கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டீஸும், இருக்க வேண்டிய நிலையை இருக்கும் நிலையோடு ஓயாமல் ஒப்பிட்டு வேறுபாட்டைக் களையும் இத்தகைய சுழற்சியில்தான் இயங்குகிறது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. நள்ளிரவில் செயலிழந்த சர்வருக்காக எவரையும் எழுப்ப வேண்டியிராத நிம்மதி சிறிதன்று.

ஆனால் ஒரு மாலை, துறைமுகம் செல்லும் டிரெய்லர் லாரிகள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தபோது, எங்கள் வாயில் பதிவு மென்பொருளின் தரவுத்தளம் மந்தமானது. குறித்த நொடிகளுக்குள் பதில் வராததால், சுமையைப் பகிர்ந்துகொண்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த அம்மென்பொருளின் பிரதிகளைச் செத்துவிட்டதாகக் கருதிய குபர்நெட்டீஸ் அமைப்பு, அவற்றை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்தது. எழுந்த ஒவ்வொரு பிரதியும் தரவுத்தளத்தோடு புது இணைப்புகளைத் திறக்க, மந்தம் மேலும் முற்றியது. சுமை கூடியதைக் கண்ட மற்றொரு விதியோ கூடுதல் பிரதிகளை இறக்கி, எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது. தனித்தனியே பார்த்தால் எந்த விதியிலும் பிழையில்லை. வாயிலில் ஓட்டுநர்கள் சீட்டுக்காக நின்றுகொண்டிருக்க, தானியக்கத்தைக் கையால் நிறுத்தி, பிரதிகளைச் சிறிது சிறிதாக உள்ளே விட்ட பிறகே நிலைமை சீரானது. ‘உயிரோடு இருக்கிறாயா’ என்ற சோதனையையும் ‘வேலை ஏற்கத் தயாரா’ என்ற சோதனையையும் குபர்நெட்டீஸ் தனித்தனியாகவே தருகிறது. முதல் சோதனையில் தோற்றால்தான் மறுதொடக்கம்; இரண்டாவதில் தோற்றால் வேலை அனுப்புவது மட்டும் நிற்கும். எங்களுக்கு அமைத்துத் தந்தவர்கள் இரண்டிலும் தரவுத்தளத்தையே தொட்டுப் பார்க்கும்படி விட்டிருந்ததால், தரவுத்தளத்தின் மந்தம் பிரதிகளின் சாவாகத் தோன்றிவிட்டது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 அக்டோபரில் அமேசானின் வர்ஜீனியா மையத்தில், இணைய முகவரிப் பதிவுகளைத் (டி.என்.எஸ்.) தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளின் இரு பிரதிகள் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிட்டதால், டைனமோடிபி என்னும் தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவு வெறுமையானது. அதைத் தானியக்கத்தால் மீட்க முடியாமல் மனிதர்களே தலையிட வேண்டியதாயிற்று.

ஆகவே, இத்தகைய அமைப்புகளை வாங்குவோர், தனியாரானாலும் அரசுத் துறையானாலும், ஒரே சமயத்தில் எத்தனை பிரதிகளை அது தானாக மறுதொடக்கம் செய்யலாம் என்ற உச்சவரம்பை ஒப்பந்தப்புள்ளியிலேயே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு முடிவையும் எதைக் கண்டு எடுத்தது என்பது, பணியில் இருப்பவர் படித்தறியும் வகையில் பதிவாக வேண்டும். விற்றவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல், அங்கிருப்பவரே அதை நிறுத்தும் வசதியும் அதிகாரமும் இருக்க வேண்டும். இவை எழுத்தில் இல்லாதவரை இரவுப் பணியாளரைக் குறைக்கும் முடிவை நிர்வாகங்கள் தள்ளிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை.